பெண் ஷெரிஃப் துப்பறியும் தொடர் எழுதுவது எப்படி: வழக்குக்கும் வீட்டுக்கும் ஒரே கடிகாரம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கிரவுன் பாயிண்ட் என்ற ஊரில் ஒரு பழைய ஜெயில் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் ஜெயில் தெரியாது, செங்கல் வீடு ஒன்றுதான் தெரியும். ஷெரிஃப் குடும்பத்தோடு குடியிருக்கக் கட்டிய வீடு அது. ஜெயில் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பல கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில், இதுதான் ஏற்பாடு. முன்னால் ஷெரிஃபின் பிள்ளைகள் வளர்வார்கள், பின்னால் கைதிகள் இருப்பார்கள், இரண்டு பக்கத்துக்கும் ஷெரிஃபின் மனைவி சமைத்துப் போடுவார்.

1933 ஜனவரியில் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் பணியில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு அவர் மனைவி லிலியன் ஹோலி வந்தார். 1934 மார்ச் 3 அன்று ஜான் டில்லிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரன் அந்த ஜெயிலிலிருந்து தப்பினான், அதுவும் லிலியன் ஹோலியின் காரிலேயே. அந்தக் காரை மாநில எல்லை தாண்டி இல்லினாய்க்கு ஓட்டிப்போனதால்தான் அது கூட்டாட்சிக் குற்றமாகி, மத்தியப் புலனாய்வுத் துறையினர் அவனைத் துரத்த வழி பிறந்தது.

அந்த வீட்டின் முன்னால் நின்றபோதுதான் என் தொடருக்கு ஒரு விதி கிடைத்தது. வழக்குக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் கேட்க வேண்டும். இப்போது நான்காவது நாவலில் இருக்கிறேன். பெண் ஷெரிஃபை வைத்துத் தமிழில் துப்பறியும் தொடர் எழுத நினைப்பவர்களுக்கு, இந்த மூன்று நாவல்களில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஷெரிஃப் என்றதும் தமிழ் வாசகருக்குக் குதிரையும் நட்சத்திரப் பதக்கமும் நினைவுக்கு வரும். வயதானவர்களுக்குச் சென்னையில் முன்பு இருந்த அலங்காரப் பதவி நினைவுக்கு வரும். நீங்கள் எழுதப்போகிறவர் இரண்டும் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிஃப் என்பவர் கவுண்டி மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "அமெரிக்காவில் ஒரு கவுண்டி" என்று பொதுவாக ஆரம்பித்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிணத்தை யார் பார்வையிடுவது என்ற சின்னக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் ஷெரிஃபே கொரோனரும்கூட, அதாவது சாவுக்குக் காரணம் விசாரிக்கும் அதிகாரியும்கூட. டெக்சாஸின் சின்னக் கவுண்டிகளில் அந்த வேலை ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்படும் உள்ளூர் நீதிபதி கையில் இருக்கிறது. இண்டியானாவில் கொரோனர் தனியாகத் தேர்தலில் நின்று வருபவர்.

நான் இண்டியானாவை எடுத்ததற்குக் காரணம் இரண்டு சட்டங்கள். ஒன்று, அங்கே ஒருவர் எந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் அதில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஷெரிஃபாக இருக்க முடியாது. ஆக, தொடருக்கு முடிவுத் தேதியை மாநில அரசியல் சாசனமே குறித்துக் கொடுத்துவிட்டது. இரண்டாவது சட்டத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஷெரிஃபையே கைது செய்ய வாரண்ட் வந்தால் அதை நிறைவேற்ற வேண்டியவர் கொரோனர். முதல் நாவலிலிருந்தே என் ஷெரிஃப் நோராவுக்கு நெருங்கிய தோழி அந்த ஊர்க் கொரோனர்தான். கதையில் ஒளித்து வைத்த அந்தத் துப்பாக்கியை இன்னும் நான் வெடிக்க வைக்கவில்லை.

இண்டியானாவில் 92 கவுண்டிகள். என்னுடையது கற்பனையான 93ஆவது. உண்மையான கவுண்டியில் கதையை வைக்காதீர்கள். அங்கே உண்மையான ஷெரிஃப் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கற்பனைக் கவுண்டிக்கு ஒரு வரைபடம் போட்டு மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். என் வரைபடத்தில் 18,000 பேர், ஷெரிஃபுக்குக் கீழே வேலைபார்க்கும் காவலர்களான டெபுடிகள் 14 பேர், 40 படுக்கை ஜெயில். இரவு ஷிஃப்டில் இரண்டே வண்டிகள். ஜெயிலிலிருந்து மகனின் பள்ளிக்கு 22 நிமிடம், அதுவும் ரயில்வே கேட் மூடாமல் இருந்தால். பார்க்க அற்பமான எண்கள்தான், ஆனால் என் நாவல்களில் பாதிப் பதற்றம் அந்த 22 நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

அவளுடைய உண்மையான வேலை என்ன

ஷெரிஃப் நாள் முழுக்கக் கொலைகாரனைத் துரத்துவதில்லை. ஜெயிலை நடத்த வேண்டும், நீதிமன்றத்துக்குக் காவல் போட வேண்டும், வழக்குத் தாள்களை வீடு வீடாகச் சேர்ப்பிக்க வேண்டும், வாடகை தராதவர்களை நீதிமன்ற உத்தரவுப்படி வெளியேற்ற வேண்டும். ஓவர்டைம் பணத்துக்காகக் கவுண்டி கவுன்சிலோடு மல்லுக்கட்ட வேண்டும். இதையெல்லாம் சலிப்பான வேலை என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். என் மூன்று கொலைகளில் இரண்டு, தாள் கொடுக்கப் போன டெபுடி திறந்து கிடந்த கதவைத் தள்ளியதில் ஆரம்பித்தவை. துப்பறிவாளருக்கு ஒரு பிணம் தற்செயலாகக் கிடைத்தால் வாசகர் நம்புவார், நான்காவது புத்தகத்திலும் தற்செயலாகக் கிடைத்தால் நம்பமாட்டார். வேலையே அவளை அந்த வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் கேள்வி எழாது.

எல்லையையும் கவனியுங்கள். நகரத்துக்குள் நகரப் போலீஸ், வெளியே விரிந்து கிடக்கும் வயலும் பண்ணையும்தான் பெரும்பாலும் ஷெரிஃபின் ராஜ்ஜியம். மாநிலப் போலீஸ் தனி, எஃப்.பி.ஐ. தனி. இன்னொன்று, மிராண்டா எச்சரிக்கை: பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று போலீஸ் சொல்வது. 1966இல் வந்த தீர்ப்பு அது. பலர் நாவலில் யாரைப் பார்த்தாலும் அதை வாசிக்க வைக்கிறார்கள். காவலில் எடுத்து விசாரிக்கும்போதுதான் அது தேவை. மகனின் பேஸ்பால் ஆட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு நோரா பேசும்போது தேவையில்லை. வீடும் வழக்கும் கலக்க இதைவிட நல்ல இடம் ஏது? பக்கத்தில் இருப்பவர் சந்தேகத்துக்குரியவர், பந்தடிக்கப் போவது மகன், நோராவின் கண் எந்தப் பக்கம் திரும்பும்? அந்த அத்தியாயத்தை நான் ஆறு தடவை எழுதினேன்.

குடும்பக் காட்சியை இடைவேளை ஆக்காதீர்கள்

என் முதல் வரைவில் இப்படி ஒரு பகுதி இருந்தது:

"நோரா சோர்ந்துபோய் வீடு திரும்பினாள். பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். நல்ல தாயாக இல்லையோ என்ற எண்ணம் அவளை வாட்டியது. மறுநாள் காலை மீண்டும் விசாரணையைத் தொடங்கினாள்."

இதை வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இதன் நோய். நான்கு மாதம் கழித்துத் திருத்தியது இது:

"மணி பதினொன்றரை. ஃப்ரிட்ஜ் கதவில் மகன் ஒட்டிய தாள்: அம்மா, நாளைக்கு முட்டை அட்டை வேணும், பன்னிரண்டு குழி இருக்கணும். மிச்சமிருந்த ஐந்து முட்டைகளையும் நோரா கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். காலி அட்டையை மூடும்போது அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த மூன்று இலக்கம் கண்ணில் பட்டது. பெட்டியில் அடைத்த நாள். வருஷத்தின் எத்தனையாவது நாள் என்று இருக்கும். பூட்டிக் கிடந்த அந்த வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஓர் அட்டை இருந்தது. செல்போனில் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கினாள். 047. நாற்பத்தேழாவது நாள், பிப்ரவரி 16. கிழவர் ஜனவரியிலேயே மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெருவே சாட்சி சொல்லியிருந்தது."

அமெரிக்க வேளாண் துறை தரம் பார்த்த முட்டை அட்டைகளில் இந்த நாள் எண் 001இலிருந்து 365 வரை உண்மையிலேயே அச்சாகிறது. ஆனால் எண்ணைவிட முக்கியமானது, மகன் அட்டை கேட்காவிட்டால் அவள் அதைத் திருப்பிப் பார்த்திருக்கவே மாட்டாள் என்பது. கணக்கு மறுபக்கமும் நேராக வேண்டும். அந்த ராத்திரியே அவள் பூட்டிய வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள், அட்டை காரின் பின் சீட்டோடு போய்விடுகிறது, காலையில் பையன் வெறுங்கையோடு பள்ளிக்குப் போகிறான். வீடு கொடுத்தது, வழக்கு எடுத்துக்கொண்டது.

இதற்கு நான் வைத்திருப்பது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். பக்கத்தின் நடுவே மணி நேரம். இடப்பக்கம் வழக்கு, வலப்பக்கம் வீடு. எந்த மணி நேரத்தில் இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கிறதோ அந்த மணி நேரத்தைத்தான் காட்சியாக எழுதுகிறேன். ஒரு பக்கம் மட்டும் நிரம்பிய நேரத்தை இரண்டு வரியில் கடந்துவிடலாம்.

விடுப்பு விஷயத்தையும் சரியாகப் பிடியுங்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியுள்ள ஊழியர் குடும்பத்தாரின் கடும் நோய்க்காக ஆண்டுக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். நோராவின் டெபுடிக்கு அது உண்டு. தேர்தலில் வென்று வந்தவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் ஊழியரே இல்லை. அவள் விடுப்புக் கேட்க மேலே ஆளும் கிடையாது. மாமியாரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போன நாளில் அவளை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அவளுடைய நாற்காலி காலியாக இருந்ததை ஊரே பார்த்தது. ஓட்டுப்போட்ட ஊர் அது.

இதைப் படிக்கும்போது கென்டக்கியின் ஃபுளோரன்ஸ் தாம்சன் நினைவுக்கு வராமல் போகாது. கணவர் இறந்து 1936 ஏப்ரலில் ஷெரிஃபானவர், நான்கு பிள்ளைகளுக்குத் தாய். அந்த ஆகஸ்ட் 14இல் ஓவன்ஸ்பரோவில் நடந்த தூக்குத் தண்டனை அவர் பொறுப்பில் வந்தது. அமெரிக்காவில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த கடைசி மரண தண்டனை அது. ஒரு பெண் தூக்கிலிடப் போகிறாள் என்றுதான் நாடெங்கிலும் இருந்து நிருபர்கள் வந்து குவிந்தார்கள். விசையை இழுத்தது அவர் அல்ல, வேறொருவர். உங்கள் கதாநாயகியை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எழுத உட்காரும்போது அந்தக் கூட்டத்தை மனதில் வையுங்கள்.

நீயா, நீங்களா

தமிழில் எழுதுவதன் பெரிய வரம் இது. நோராவின் ஊரில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு அப்படி இல்லை. நான் வகுத்துக்கொண்ட முறை: டெபுடிகள் அவளை 'ஷெரிஃப்' என்று அழைத்து 'நீங்க' என்பார்கள், வயதில் மூத்த டெபுடியும்கூட. கொரோனர் தோழி தனியாக இருக்கும்போது 'நீ', நீதிமன்றத்தில் 'நீங்க'. மாமியார் 'நீ'தான், பதவியேற்ற அன்றும். நாவலின் நடையில் அவள் கடைசி வரை 'அவள்'. செய்தித்தாள் வரும் இடத்தில் மட்டும் 'அவர்'.

முறை நிலைத்துவிட்டால் அதை உடைப்பதே ஆயுதமாகும். இரண்டாம் நாவலில் தானியக் கிடங்குக்காரர் முழு விசாரணையிலும் 'நீங்க' என்றே பேசுகிறார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "உனக்கு வீட்டில சின்னப் பிள்ளைங்க இருக்கில்ல?" என்கிறார். அதற்கு மேல் மிரட்டலை விளக்க ஒரு வரிகூட நான் எழுதவில்லை. படித்துப் பார்த்த என் அக்கா அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டதாகச் சொன்னாள்.

வயதை எழுதி வையுங்கள்

மற்ற தொடர்களில் வழக்கு எண்ணிக்கை ஏறும், இங்கே பிள்ளைகளின் வயதும் ஏறும். நாவலுக்கு நாவல் எத்தனை மாத இடைவெளி என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எனக்குப் பத்து மாதம். இரண்டாம் நாவலில் மகனை ஒரு வகுப்பு கூடுதலாகத் தள்ளிவிட்டேன், அச்சான பிறகுதான் தெரிந்தது. ஒரு வாசகி தேதிகளை வரிசையாகக் கூட்டி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வயது, வகுப்பு, விழுந்த பல், பிடிக்காத காய்கறி எல்லாம் இருக்கிறது. நான்காண்டுப் பதவிக்காலத்தின் கணக்கும் அதே பக்கத்தில்தான். அடுத்த தேர்தல் வரும் ஆண்டில் மகளுக்கு 17 வயது ஆகியிருக்கும், சொந்தமாக ஒரு கருத்தும் இருக்கும்.

முடிவைப் பற்றி ஒன்று மட்டும். வழக்கை அந்தந்தப் புத்தகத்திலேயே முழுதாக முடித்துக் கொடுங்கள், காசு கொடுத்து வாங்கியவருக்கு அது நம் கடன். வீட்டை முடிக்காதீர்கள். மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கத்தில் மகள் ஓட்டுநர் பழகுநர் உரிமத்துக்கான படிவத்தோடு வந்து நிற்கிறாள், பெற்றோர் கையெழுத்து வேண்டும். நோரா பேனாவைத் திறக்கிறாள், போன் அடிக்கிறது. நான்காவது நாவலின் முதல் வரியில் அந்தப் படிவம் இன்னும் மேசை மேல் கிடக்கிறது, கையெழுத்து இல்லாமல்.