மஞ்சள் தோட்டத்தில் ஈரப்பத சென்சார்: கைப்பதத்தோடு சேர்த்துப் பழகுவது எப்படி

கோபி, பவானி, ஈரோடு பக்கம் மஞ்சளுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் மம்பட்டியால் ஒரு கொத்து கொத்தி, மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடுவார்கள். அந்தப் பழக்கத்தை விடாமலே சென்சாரையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்சார் தருவது வெறும் எண்தான், அதற்கு அர்த்தம் சொல்ல உங்கள் கை வேண்டும். அதனால் கைவேலையிலிருந்தே தொடங்குங்கள்.

முதல் படி: மண்ணைப் பிடித்துப் பழகுங்கள்

15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. உருண்டை நின்று, உள்ளங்கை மட்டும் நனைந்தால் நல்ல பதம். புட்டுக்குப் பிசறிய மாவு மாதிரி, பிடித்தால் நின்று தட்டினால் உதிர்ந்தால் செம்மண்ணில் தண்ணீர் விடும் வேளை வந்துவிட்டது. பிடிக்கவே நிற்காவிட்டால் ஏற்கெனவே தாமதம்.

கரிசலில் இந்தக் கணக்கு ஏமாற்றும். அங்கே ஈரம் குறைந்த பிறகும் உருண்டை நிற்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி இழுத்துப் பாருங்கள். இழுபடாமல் துண்டு துண்டாக உடைந்தால் ஈரம் போதாது.

இரண்டாம் படி: வாங்க வேண்டியவை

ஒரு ஈஎஸ்பி32 போர்டு (சென்சாரின் அளவை எண்ணாக மாற்றும் வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), கெப்பாசிட்டிவ் வகை (உலோகம் மண்ணில் படாமல் ஈரத்தை அளக்கும்) மண் ஈரப்பத சென்சார், மூன்று ஒயர், நெயில் பாலிஷ், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்), கிராம் காட்டும் தராசு. இரண்டு உலோகக் கால் நீட்டிய மலிவு சென்சார் வேண்டாம். ஈர மண்ணில் மின்சாரம் பாயும்போது கால் அரித்து, எண் நாளுக்கு நாள் நகரும். வாங்கும்போது சென்சாரில் உள்ள சிப்பையும் பாருங்கள். டிஎல்சி555 என்றிருந்தால் சரி. என்இ555 என்றிருந்தால் வேண்டாம்; அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், நாம் கொடுக்கப்போகும் 3.3 வோல்ட்டில் ஒழுங்காக ஓடாது.

சென்சார் பலகையின் வெட்டிய ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சும். அங்கே நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். மேலே உள்ள சிப் பகுதியை ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள்.

மூன்றாம் படி: இணைப்பு

சென்சாரின் விசிசி (மின்சாரம் வாங்கும் முனை) போர்டின் 3.3 வோல்ட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, சிக்னல் ஒயர் போர்டின் 34-ஆம் பின்னுக்கு. வேறு பின் மாற்றுவதானால் கவனம்: போர்டில் வோல்ட்டை எண்ணாக மாற்றும் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு வரிசை; ஏடிசி2 வரிசைப் பின்கள் வைஃபை ஓடும்போது அளவு எடுக்காது. ஒரே அளவை நம்பாமல் 20 அளவு எடுத்துச் சராசரி போடும்படி புரோகிராம் எழுதுங்கள். எண் 0 முதல் 4095 வரை வரும். காய்ந்தால் எண் ஏறும், நனைந்தால் இறங்கும். இதைப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: மண்ணில் இறக்குவது

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். சென்சாரைத் தட்டி இறக்கக் கூடாது. பழைய கத்தியால் மண்ணில் ஒரு கீறல் போட்டு, அதில் நுழைத்து, இருபுறமும் மண்ணை விரலால் அழுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது காற்றைத்தான் அளக்கும். சேறாக இருக்கும் பாத்தியையும் காய்ந்தது என்று காட்டும். அதை நம்பி மோட்டார் போட்டால் தண்ணீர் தேங்கி, கிழங்கு அழுகலுக்கு வழிவிடும். கரிசல் காய்ந்து வெடிப்பு விட்டாலும் இதே கதைதான். வாரம் ஒருமுறை ஓரத்தை அழுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: நோட்டில் எழுதுவது

பாத்தியை நன்றாக நனைத்து, செம்மண்ணில் ஒரு நாள், கரிசலில் இரண்டு மூன்று நாள் வடியவிடுங்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே நேரத்தில், சென்சாருக்கு ஒரு சாண் தள்ளி மண் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். முதலில் கைப்பதத்தை எழுதுங்கள், அப்புறம் எண்ணைப் பாருங்கள். எண்ணை முதலில் பார்த்தால் கை அதற்கு ஒத்து ஊதிவிடும். செம்மண்ணில் ‘புட்டுப் பதம்’ என்றும், கரிசலில் ‘நாடா உடைகிறது’ என்றும் முதலில் எழுதிய நாளில் வந்த எண்தான் அந்தப் பாத்தியின் தண்ணீர் எண், அதாவது தண்ணீர் விட வேண்டிய எண்.

சந்தேகம் வந்தால் தராசு இருக்கிறது. 100 கிராம் ஈர மண்ணை, எடை இனிக் குறையாது என்னும்வரை காயவையுங்கள். 85 கிராம் நின்றால் தண்ணீர் 15 கிராம். 15-ஐ 85-ஆல் வகுத்தால் ஈரம் சுமார் 17.6 சதவீதம்.

எண்ணும் கையும் முரண்படும் நாளில் கையை நம்பிச் சென்சாரைப் பிடுங்கி மறுபடி நடுங்கள். சொட்டுநீரில் உரம் விட்ட மறுநாள் உப்பால் எண் நகரும், அன்றைய கணக்கைச் சேர்க்க வேண்டாம். செம்மண் பாத்தியின் எண் கரிசல் பாத்திக்குப் பொருந்தாது. இரண்டும் உள்ள தோட்டத்துக்கு இரண்டு நோட்டுப் போடுங்கள்.