கொல்லன் பட்டறைக்கு இரண்டு பேர் வேண்டும்: கொழும்பில் இரும்புக் கைவினைச் சங்கம் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்புத் தொழிலைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கண்காட்சியில்தான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். பழைய பாக்குவெட்டிகளையும் பாளைக்கத்திகளையும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் அடுக்கினோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொல்லரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். மூன்று வாரம் கழித்து அவருடைய பட்டறைக்குப் போனபோது உலை குளிர்ந்து கிடந்தது. "சம்மட்டி பிடிக்க ஆள் இல்லை, தம்பி. தனியாக என்னத்தை அடிப்பது?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது எங்களுக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. கொல்லுத்தொழில் தனி ஆளின் தொழில் அல்ல. மூத்தவர் இடது கையில் குறட்டால் இரும்பைப் பிடித்திருப்பார், வலது கையில் சிறு சுத்தியல். எதிரில் நிற்பவர் சம்மட்டியை ஓங்கி அடிப்பார். மண்வெட்டி, கோடரி, அலவாங்கு முனை போன்ற கனமான வேலைகள் இப்படித்தான் நடக்கும். முன்பு எதிரில் நின்றது மகனோ மருமகனோ தம்பியோ. இன்று அவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் வெல்டிங் செய்கிறார்கள். எதிராள் போனதும் கனமான வேலை போகிறது. சின்ன வேலைகளில் கிடைக்கும் கூலி எதிராளுக்குச் சம்பளம் கொடுக்கப் போதாது. இந்த முடிச்சை ஒரு கொல்லர் தனியாக அவிழ்க்க முடியாது, அதற்குத்தான் சங்கம் தேவை. கண்காட்சி, கருத்தரங்கு, விருது எதைத் திட்டமிட்டாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதனால் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு எதிரில் இன்னோர் ஆள் வந்து நிற்பாரா?

அடுத்த தவறு, கொழும்பில் இந்தத் தொழிலுக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, சுவரில் மாட்டும் அலங்காரப் பொருட்களின் பக்கம் திரும்பிவிடுவது. வேலை இருக்கிறது, நாம்தான் அதைத் தேடிப் போவதில்லை. மாலையானால் நகரம் முழுவதும் கொத்துரொட்டித் தகடுகள் ஒலிக்கின்றன. தேய்ந்த தகட்டை வீசிவிட்டுப் புதிது வாங்குகிற கடைக்காரரிடம், அதையே நேராக்கி விளிம்பு கட்டித் தர ஆள் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? பேலியகொடை மீன் சந்தையில் பெரிய மீன் வெட்டுகிறவர்களுக்குக் கத்தியே பிழைப்பு. செவ்விளநீர் விற்பவருக்கு நல்ல வெட்டுக்கத்தியும், தேங்காய் உரிப்பவருக்கு வளையாத அலவாங்கும் வேண்டும். கட்டடம் இடிக்கும் இடங்களில் உளிகள் நாள்தோறும் மழுங்குகின்றன. அவற்றை உலையிலிட்டு முனை அடித்து, சூட்டோடு தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கொடுத்தால் பல முறை மீண்டும் பயன்படுத்தலாம். காவடிக்குச் செடிலும் அலகும் இன்னும் கேட்கிறார்கள். சங்கத்தின் முதல் செலவு, வாரம் இரண்டு நாள் முச்சக்கர வண்டியில் சுற்றி மழுங்கியவற்றைச் சேகரித்து, தீட்டியபின் திருப்பிக் கொடுக்கும் ஒருவருக்கான சம்பளமாக இருக்கட்டும். அச்சடித்த அழைப்பிதழ் பிறகு வரலாம்.

இரும்பைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சங்கத்தின் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பஞ்சிகாவத்தைக்குப் போனால் லொறி ஸ்பிரிங் பட்டை, அச்சு, பழைய அரம், கட்டடக் கம்பி எல்லாம் எடைக்குக் கிடைக்கும். புதியவர்களுக்கு எல்லாமே இரும்பாகத்தான் தெரியும். ஆனால் கூர்மையைத் தாங்குவது இரும்பில் கலந்துள்ள கரி (கார்பன்). சாதாரண மென் இரும்பில் கரி ஏறத்தாழ 0.2 சதவீதம்தான். அதை எத்தனை முறை தண்ணீரில் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லொறி ஸ்பிரிங்கில் சுமார் 0.6 சதவீதம், நல்ல அரத்தில் 1 சதவீதம் அளவில் இருக்கும். கட்டடக் கம்பியில் கத்தி அடித்து விற்றால் ஒரு வாரத்தில் வாய் மடங்கும். வாங்கியவர் கம்பியைக் குறை சொல்லமாட்டார், "கையால் அடித்த கத்தி இவ்வளவுதான்" என்பார். அந்தச் சொல் அடுத்த பத்துப் பேரிடம் போகும்.

ஆகவே பெயர் தெரியாத இரும்பைச் சோதிக்காமல் அடிக்கக் கூடாது. அரைக்கும் கல்லில் வைத்துப் பொறியைப் பாருங்கள். மென் இரும்பின் பொறி நீளமாக, கிளை குறைவாகப் போகும். கரி மிகுந்தால் பொறி பூவாக வெடிக்கும். பிறகு ஒரு சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, கண்ணை மறைத்துக்கொண்டு உடைத்துப் பாருங்கள். வளைந்தால் அது கத்திக்கு ஆகாது. படீரென்று முறிந்து, முறிவு மென்மணலைப் போல இருந்தால் நல்லது. கல்கண்டு போலப் பெரிய மணிகள் தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பழைய ஸ்பிரிங் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். பல வருடம் பாரம் தாங்கிக் களைத்த இரும்பு அது. விலை குறைவென்று எடுத்து, வேலையெல்லாம் முடிந்து தோய்க்கும் கணத்தில் பிளந்தால் ஒரு நாள் உழைப்பு வீண். இயன்றால் சங்கமே தரம் தெரிந்த புதிய உருக்கை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும்.

சில பொருட்கள் உலைப் பக்கமே வரக் கூடாது. நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயைச் சூடாக்கினால், 900 பாகை செல்சியஸைத் தாண்டும்போது நாகம் ஆவியாகிறது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். வாகனங்களின் அதிர்வுதாங்கி போல மூடிய உருளைகள் தீயில் வெடிக்கும். பட்டறையில் பயிற்சி கொடுப்பவர் முதல் நாளே சொல்ல வேண்டியவை இவை.

அடுத்தது பதம், அதாவது இரும்பைச் சரியான சூட்டில் தோய்த்துக் கடினமாக்குவது. "அது கைப்பழக்கம், சொல்லிக் கொடுக்க முடியாது" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். சங்கமும் அதைப் பெருமையாக ஏற்றுக்கொள்ளும். அதுவும் தவறு. எங்கள் பெரியவர் இரும்பு கோவைப்பழ நிறத்துக்கு வந்ததும் தோய்ப்பார். ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரும்பு சுமார் 770 பாகையில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகிறது. அதற்குச் சற்று மேலே போன இடமே அவருடைய கோவைப்பழம். ஐம்பது வருடக் கண்ணின் அறிவைப் பதினெட்டு வயதுப் பையன் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ள அந்தக் காந்தம் போதுமாக இருந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. தான் சரியாகத்தான் செய்து வந்திருக்கிறேன் என்று மகிழ்ந்தார்.

தோய்த்ததோடு நிறுத்துவது இன்னொரு பிழை. அப்போது கத்தி கண்ணாடியைப் போல உடையும். மெருகிட்டு மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். மேற்பரப்பு வைக்கோல் நிறத்துக்கு வருவது 220, 230 பாகை அளவில், அது கத்திக்கு. மயில்கழுத்து நீலம் 300 பாகைக்கு அருகில், அடி தாங்க வேண்டிய கருவிகளுக்கு. நிறத்தை வெயிலில் பார்த்தால் ஏமாந்து போவோம். கொல்லுலை நிழலில், கொஞ்சம் இருட்டாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். படம் தெளிவாக விழ வேண்டும் என்று கூரையைத் திறந்துவிடச் சொன்ன ஓர் ஆலோசகரை நாங்கள் மரியாதையுடன் மறுத்தோம். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் பிளக்கக்கூடும், வெதுவெதுப்பான எண்ணெய் நல்லது. வாகனத்தில் இருந்து வடித்த பழைய எண்ணெயின் புகை நஞ்சு, அது வேண்டாம்.

வரலாற்றை மிகைப்படுத்தி விற்பதும் இந்தத் தொழிலுக்குக் கேடு. இலங்கைக்குப் பெருமைப்படத் தக்க இரும்பு வரலாறு உண்மையிலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சமனலவெவ பகுதியில் ஆய்வு செய்த தொல்லியலாளர் கில்லியன் ஜூலெஃப், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய மலைச்சரிவு உலைகளை வெளிக்கொணர்ந்தார். அவற்றில் பல 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்தபோது, மறைந்துகொண்டிருந்த இரும்பு, உருக்கு செய்முறைகளைப் பதிவு செய்தார். ஆனால் அவை தாதுவிலிருந்து இரும்பு பிரித்தவர்களின், மூசை என்னும் மண் கிண்ணத்தில் உருக்கு செய்தவர்களின் கலை. பஞ்சிகாவத்தைப் பட்டையில் கத்தி அடிக்கும் நம் கொல்லரின் தொழில் அதற்கு உறவு, ஆனால் அதுவே அல்ல. அமிலத்தால் கோலம் போட்ட கத்தியைப் 'பண்டைய உருக்கு' என்று உல்லாசப் பயணியிடம் விற்பது பொய். லொறிப் பட்டையில் அடித்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். சமையலறையில் அது நன்றாக வெட்டினால் அவர் மீண்டும் வருவார்.

பயிலுநர் விடயத்தில் கூச்சமில்லாமல் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. இத்தொழில் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஏர் செய்து கொடுத்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் இருந்தன. அந்த அவமானமும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து துரத்தியது. இதை மறந்துவிட்டுப் 'பரம்பரை' என்ற சொல்லை மட்டும் பதாகையில் எழுதுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். பரம்பரைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினால் ஆள் வரமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கற்கலாம் என்று திறந்துவிட்டால் பெரியவரின் வாழ்நாள் அறிவு கூலியில்லாமல் போகும். எந்தப் பிள்ளையும் வரட்டும், பெண் பிள்ளைகளும் வரட்டும். ஆசானுக்கு மாதச் சம்பளம் சங்கத்திலிருந்து போகட்டும், பயிலுநருக்கும் முதல் மாதத்திலிருந்தே படி கிடைக்கட்டும். படி கொடுக்காமல் தொடங்கிய எங்கள் முதல் குழுவில் ஆறு மாதத்தின் பின் மிஞ்சியவர் ஒருவர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடுமுறையில் 'உதவிக்கு' வைத்துக்கொள்வதை அடியோடு நிறுத்துங்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்த முடியாது. உலைக்களம் ஆபத்தான இடம்தான். இளையவர்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியை முதலிலேயே விசாரித்து வையுங்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று ஒரு பையன் சொன்னான், அதில் சிரிக்க எதுவும் இல்லை. மூத்தவர்களை 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையில் பதிவு செய்ய உதவுங்கள். படிவம் நிரப்புவது அவர்களுக்குச் சம்மட்டியை விடக் கனமானது.

உலையில் எரிக்கும் கரியைப் பற்றி யோசிக்காமல் தொடங்குவோரும் உண்டு. இங்கே சிரட்டைக்கரியே உலையின் உணவு. அதே சிரட்டைக்கரியை, நீர் வடிகட்டப் பயன்படும் கரியாக மாற்றி ஏற்றுமதி செய்யும் பெரிய தொழிற்சாலைகளும் வாங்குகின்றன. ஒரு சாக்கு வாங்கும் கொல்லர் அவர்களோடு போட்டியிட முடியாது. உறுப்பினர்கள் சேர்ந்து லொறிக்கணக்கில் வாங்கி, மழை படாமல் வைக்க ஓர் இடம் பிடிக்க வேண்டும்.

சத்தம், புகை, உரிமம் ஆகியவற்றில் எங்களுக்குத் தெரிந்தது எளிது: உலை மூட்டுவதற்கு முன்பே மாநகர சபைக்கும் போங்கள், பக்கத்து வீட்டுக்கும் போங்கள். அதிகாலையும் இரவும் அடிக்காதீர்கள்.

வாள் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்ததும், வாள்களை ஒப்படைக்குமாறு பொலிஸார் அறிவித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். யாருக்கு, என்ன, எத்தனை செய்து கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழ்க் கொல்லரோ, சிங்களக் கொல்லரோ, முஸ்லிம் கடைக்காரரோ, எவருக்கும் அந்தக் கொப்பி பாதுகாப்பு. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். நாம் கம்மாலை என்பதை அவர்கள் கம்மல என்கிறார்கள். ஒரே சொல்லைப் பேசும் இரண்டு கூட்டத்தார் இரண்டு சங்கம் வைத்துக்கொள்ள இந்த நகரத்தில் போதிய கொல்லர்கள் இல்லை.

மின்விசிறி வேண்டாம், தோல் துருத்திதான் பாரம்பரியம் என்று பெரியவர்களை வற்புறுத்தாதீர்கள். மூட்டு வலியோடு துருத்தி இழுப்பதைப் பார்வையாளர் ரசிப்பதற்காக ஒருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அரைக்கும் இயந்திரமும் இருக்கட்டும். பார்வையாளர் வந்தால் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள். இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம் முன்னோர் கேட்டது பொறி பறப்பதைப் பார்த்துத்தான்.

கடைசியாக, பதிவு செய்தல். மூத்தவர்களைப் படம்பிடித்து வைத்துவிட்டால் கலை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். நாங்களும் மணிக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறோம், அதில் கைகள் தெரிகின்றன. ஆனால் பெரியவரின் சிறு சுத்தியல் உண்மையில் பேசிக்கொண்டிருக்கிறது. அது தட்டும் இடத்தில் சம்மட்டி விழ வேண்டும், மெல்லத் தட்டினால் மெல்ல, வலுவாகத் தட்டினால் வலுவாக. சுத்தியலைப் பட்டடையின் ஓரத்தில் தட்டினால் நிறுத்து என்று பொருள். இருவருக்கும் வாய்ப்பேச்சே கிடையாது. இதைத் திரையில் பார்த்து ஒருவரும் கற்கவில்லை. முதல் குழுவில் மிஞ்சிய அந்த ஒருவர், கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெண், எட்டு மாதம் எதிரில் நின்ற பிறகுதான் அந்தத் தட்டல்களைக் கேட்கத் தொடங்கினார். இப்போது வியாழக்கிழமைகளில் இருவரும் அலவாங்கு முனை அடிக்கிறார்கள். கேமரா வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டாவது சம்மட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம்.