விமான நிலையத்திலிருந்து பாரிமுனைக்கு: ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

சென்னை விமான நிலையத்தில் இறங்கி, நகரின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனுக்குச் செல்ல விரும்புவோர், அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் நகரவாசிகள் பலருக்கே இடம் சட்டென்று பிடிபடாது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆவணங்களில் ஒரே பெயரால் குறிக்கப்படும் இப்பகுதி, மக்கள் வழக்கில் பாரிமுனை, பிராட்வே, மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை, தங்கசாலை எனப் பல துண்டுகளாகவே அறியப்படுகிறது. ஆகவே எந்தத் துண்டில் இறங்குவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. முதன்முறை வருபவர்கள் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு நோக்கி நடப்பதே சிறந்தது என்பது என் கருத்து. அதற்கான காரணம் அந்த மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

விமான நிலையத்திலிருந்து செல்ல மூன்று வழிகள் உண்டு. அவற்றுள் மெட்ரோவே முதன்மையானது. பன்னாட்டு முனையத்தில் இறங்கினாலும் உள்நாட்டு முனையங்களில் இறங்கினாலும், வெளியே வந்ததும் மெட்ரோ என்ற பெயர்ப்பலகைகளைப் பின்பற்றி நடைபாதை வழியாகவே நிலையத்தை அடைந்துவிடலாம். 2016ஆம் ஆண்டு முதல் இயங்கும் இந்த நிலையத்திலிருந்து நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் வழியாக உயர் நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் நேராகச் செல்கிறது; இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. நடைமேடையில் விம்கோ நகர் என்று அறிவிக்கப்படும் வண்டியில்தான் ஏற வேண்டும். கோயம்பேடு வழியாகச் செல்லும் வண்டியில் தவறி ஏறிவிட்டால், ஆலந்தூரில் இறங்கி நீல வழித்தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். பயண நேரம் ஏறத்தாழ முக்கால் மணி. மெட்ரோவின் உச்சக் கட்டணமே 50 ரூபாய்தான் என்பதால் செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கைப்பேசி வழியாகச் சீட்டு எடுத்தால் அதிலும் தள்ளுபடி கிடைக்கும்.

இரண்டாவது வழி புறநகர் மின்சார ரயில். விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் மறுபுறத்தில் திரிசூலம் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக் கடற்கரை செல்லும் வண்டியில் ஏறினால், அதன் கடைசி நிலையம் ஜார்ஜ் டவுனின் கிழக்கு ஓரத்திலேயே, பர்மா பஜாருக்கு அருகில் கொண்டுபோய் விடும். மெட்ரோ தொடங்குவதற்கு முன்பே இந்த வண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. எனவே விடியலுக்கு முன் வந்திறங்குபவர்களுக்கும், கைச்செலவை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இதுவே ஏற்றது. ஆனால் அலுவலக நேரத்தில் பெட்டியோடு இதில் ஏறுவது எளிதன்று. மூன்றாவதான வாடகைக் கார், முதியவர்களுடனோ மிகுந்த சுமையுடனோ வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். சுமார் 20 கிலோமீட்டர் தொலைவைக் கார் கடந்துவிடும். ஆனால் பாரிமுனையின் நெரிசலில் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை ஓட்டுநராலும் கணித்துச் சொல்ல முடியாது.

சுமையைப் பற்றியும் ஒரு சொல். இப்பகுதியின் தெருக்களில் நடைபாதை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லை. இருக்கும் இடத்தையும் தள்ளுவண்டிகளும் மீன்பாடி வண்டிகளும் இறக்கி வைத்த மூட்டைகளும் பிடித்துக்கொள்கின்றன. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இங்கே நடப்பதைக் காட்டிலும், முதலில் தங்குமிடத்தில் வைத்துவிட்டு வருவதே அறிவுடைமை. அன்றே ரயிலேறுபவர்கள் பயணச்சீட்டைக் காட்டி சென்ட்ரல் நிலையத்தின் பொருள் பாதுகாப்பறையில் வைக்கலாம். பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும்.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது, நீங்கள் எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க விரும்பினால், பெரும்பாலான மொத்த விற்பனைக் கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை சிறந்தது. அந்தக் கட்டடங்கள் எதற்காக எழுந்தனவோ அந்த வணிகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில் காலை ஏழு மணிக்கு வந்து, கோயில்களை முடித்துக்கொண்டு, பத்தரை மணிக்குக் கடைகள் திறந்து சுமைகள் நகரத் தொடங்கும்போது மேற்குப் பகுதிக்குள் நுழைவது நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் வேலை நாளையே சொல்வேன்.

இனி, தெற்கிலிருந்து தொடங்கச் சொன்னதற்கான காரணம். 1639இல் கிழக்கிந்தியக் கும்பினி இங்கே இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபோது, துணி வணிகத்தின் பொருட்டு நெசவாளர்களும் தரகர்களும் வந்து குடியேறிய ஊர், கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில்தான் இருந்தது. அதற்குக் கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரின் ஒரு பகுதியை இடித்தனர்; 1749இல் கோட்டை திரும்பக் கிடைத்த பின், எதிரி மறைந்து நெருங்க வீடுகள் இடம் தரக் கூடாது என்று ஆங்கிலேயரே எஞ்சியதையும் படிப்படியாக இடித்து வெட்டவெளியாக்கினர். வீடிழந்தவர்கள் குடியேறிய முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்ததே புதிய கறுப்பர் நகரம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதை ஒட்டி 1911இல் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆக, உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குபவர் அழிந்த ஊரின் மேல் இறங்கி, அதன் மக்கள் இடம்பெயர்ந்த அதே திசையில் நடக்கத் தொடங்குகிறார்.

நிலையத்திலிருந்து வெளிவந்ததும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிழக்கே திரும்புங்கள். வலப்புறம் செந்நிறக் கோபுரங்களுடன் நிற்பது 1892இல் கட்டி முடிக்கப்பட்ட உயர் நீதிமன்றம். அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முந்தைய கலங்கரை விளக்கமான கருங்கல் தூணும் அதே வளாகத்தில் நிற்கிறது. பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பதோடு மனநிறைவு கொள்வது எளிது. வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் குண்டு வீசியதைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. சாலையின் மறுமுனையில், 1788இல் சென்னைக்கு வந்த வணிகர் தாமஸ் பாரியின் பெயரைத் தாங்கிய முனையில், 1940இல் முடிக்கப்பட்ட டேர் ஹவுஸ் என்ற கட்டடம் நிற்கிறது. அதன் அடியில் வண்டிகளுக்கும் வேலிக்கும் இடையே ஒரு சிறு கல்தூண் இருப்பதைத் தேடிப் பாருங்கள். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நட்ட தூண்களில் எஞ்சியது அது ஒன்றே. அதற்குத் தெற்கே எவரும் வீடு கட்டக் கூடாது என்பது அன்றைய ஆணை. இந்தப் பகுதியில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாரேனும் சொன்னால், நான் நீதிமன்றத்தை விட்டுவிட்டு இந்தத் தூணையே காட்டுவேன்.

பாரிமுனையிலிருந்து வடக்கே ஓடும் தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்துள்ளன. எனவே வழி தவறும் அச்சம் வேண்டாம். கடற்பக்கத்திலிருந்து மேற்கே வரும்போது தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, ஆர்மீனியன் தெரு, பிராட்வே என்பது வரிசை. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் உள்ளது. கோட்டைப் பகுதியில் இருந்த அம்மன் 1640 அளவில் இங்கே கொண்டுவரப்பட்டதாகச் சொல்வர். 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயில் மரபு. சுதேசமித்திரன் நாளிதழில் பணியாற்றிய காலத்தில் பாரதியார் வந்து வழிபட்ட கோயிலும் இதுவே. ஆர்மீனியன் தெருவைத் தேடுபவர்கள் அரண்மனைக்காரன் தெரு என்று கேட்டால் விரைவில் வழி கிடைக்கும். அரண்மனை எதுவும் அங்கே இல்லை. 1712இல் எழுப்பப்பட்டு 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்தில் இன்று வழிபடுவதற்கு ஆர்மீனியர் எவரும் ஏறக்குறைய இல்லை. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்ட ஹரூத்தியூன் ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறை இதன் முற்றத்தில் இருக்கிறது. பிற்பகலில் கதவு மூடப்பட்டுவிடலாம் என்பதால் முற்பகலிலேயே சென்றுவிடுங்கள். அதே தெருவில் அந்தோணியார் கோயில் என்று மக்கள் அழைக்கும் புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் திரள்வர்.

பிராட்வேயைக் கடந்தால் பெத்துநாயக்கன்பேட்டை. இரு பேட்டைகளுக்கும் நடுவே ஓடிய கால்வாய் இருந்த இடத்தில்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞரின் முயற்சியால் இந்தச் சாலை உருவானது. இப்போது இதன் பெயர் பிரகாசம் சாலை. பேருந்து நடத்துநர்கள் இன்றும் பிராட்வே என்றே சொல்கின்றனர். இங்கிருந்து மேற்கே ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்குக்கு உரியது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், கோடவுன் தெருவில் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் வேதிப்பொருள்களும் மொத்தமாக விற்கப்படுகின்றன. சில்லறையாக வாங்க முனைந்தால் சில கடைகளில் மறுப்பார்கள். அது அவமதிப்பன்று, அவர்களுடைய வணிக முறை. பூமொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பின்னும் பூக்கடை என்ற பெயர் மாறவில்லை. அதன் அருகே சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழைய ஊரில் இருந்த கோயில் இடிக்கப்பட்டதற்கு ஈடாக, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியவை இவை. காலையில் கல்தூண் அருகே நீங்கள் நின்ற வெட்டவெளியிலிருந்து பெயர்ந்து வந்த தெய்வங்கள் என்று கொள்ளலாம். மேலும் சற்று நடந்தால் ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் இளமையில் முருகனை வழிபட்டது இங்கேதான்.

நேரமும் காலும் இடம் கொடுத்தால் வடக்கே பழைய சிறைச் சாலையை ஒட்டிய மாடிப் பூங்காவுக்குச் செல்லலாம். 1769இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி நகர வாயில்வரை வந்துவிட்ட அச்சத்தில் எழுப்பிய மதிலின் எச்சம் அங்கே இருக்கிறது. அந்த மதிலுக்கான வரியே மேற்கெல்லையில் உள்ள வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் இருப்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

உணவுக்கு இரண்டு திசைகள் உண்டு. மாலையில் சௌகார்பேட்டையில் இருந்தால், தங்கசாலைத் தெருவில் குஜராத்தி, மார்வாரி சிற்றுண்டிகளும் முறுக்கு சாண்ட்விச்சும் கிடைக்கும். கடற்கரை நிலையத்தின் பக்கம் இருந்தால், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவைத் தள்ளுவண்டியில் உண்ணலாம். திரும்பும் வழியும் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்ததே: கிழக்கே என்றால் மண்ணடி அல்லது உயர் நீதிமன்ற நிலையம், தங்கசாலைத் தெருவின் தென்முனை என்றால் சென்ட்ரல், மாடிப் பூங்கா என்றால் வண்ணாரப்பேட்டை. நான்கிலும் விமான நிலையம் என்று காட்டும் நீல வழித்தட வண்டி கிடைக்கும். இரவு பதினொரு மணியளவில் சேவை முடிந்துவிடுவதால், இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவது பாதுகாப்பானது.