ஸ்பின் ½: தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி

ஸ்பின் என்பது எலக்ட்ரான் போன்ற துகளுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தம் (சுழற்சியின் அளவு).

தேவையானவை: பென்சில், தாள், பிளஸ் டூ அளவு அணிக் கணக்கு, இடுப்பு பெல்ட் ஒன்று. கலப்பெண்கள் முதல் சுற்றுக்கு வேண்டாம்.

படி 1: சுழலும் பந்தை மறந்துவிடுங்கள்

எலக்ட்ரானைப் பம்பரம்போல வரைந்திருக்கும் படம் உதவாது. அதைச் சிறு பந்தாக வைத்து, எச்-பாரில் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) பாதி கோண உந்தம் வரும்படி சுழற்றினால், மேற்பரப்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். 1925-இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் ஸ்பின் கருத்தைச் சொன்ன உடனேயே லோரன்ஸ் எழுப்பிய ஆட்சேபம் இது. பந்து போனது, கோண உந்தம் மட்டும் நின்றது.

படி 2: கோடுகளை எண்ணுங்கள்

கோண உந்த எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் எத்தனை நிலைகள் என்று கிடைக்கும். 0 என்றால் 1, 1 என்றால் 3, 2 என்றால் 5. முழு எண் எதைப் போட்டாலும் விடை ஒற்றைப்படைதான். ஆனால் 1922-இல் பிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் சீரற்ற காந்தப்புலத்தில் விட்ட வெள்ளி அணுக்கற்றை இரண்டு கோடுகளாகப் பிரிந்தது. 2 வரவேண்டுமானால் எண் ½ ஆக இருந்தாக வேண்டும். (அவர்கள் ஸ்பினைத் தேடிப் போகவில்லை. நீல்ஸ் போர் (Bohr) வழிவந்த பழைய அணு மாதிரியைத்தான் சோதித்தார்கள். ஸ்பின் என்ற விளக்கம் பிறகு வந்தது.)

படி 3: இரண்டு எண்கள்

மேல்நோக்கிய நிலையை (1, 0) என்றும் கீழ்நோக்கியதை (0, 1) என்றும் எழுதுங்கள். முதல் எண் மேலுக்கு, இரண்டாவது கீழுக்கு. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும், அளக்கும்போது அந்த விடை கிடைக்கும் நிகழ்தகவு வரும்.

படி 4: இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள்

அறைக்குள் மேலும் கீழும் எதிரெதிர். இடைக்கோணம் 180 டிகிரி. தாளில் (1, 0), (0, 1) இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. கோணம் 90 டிகிரிதான். அறையில் திருப்பும் கோணத்தில் பாதிதான் தாளில் திரும்புகிறது. ஸ்பினில் திரும்பத் திரும்ப வரும் 'பாதி' எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புவதுதான்.

ஆகவே, திருப்பும் அணியின் முதல் வரிசை: அரைக்கோணத்தின் கோசைன், மைனஸ் சைன். இரண்டாம் வரிசை: சைன், கோசைன். இதை (1, 0) மேல் போடுங்கள்:

60 டிகிரி: (0.866, 0.5). வர்க்கம் 0.75, 0.25.
90 டிகிரி: (0.707, 0.707). பாதிக்குப் பாதி.
180 டிகிரி: (0, 1). முழுக்கக் கீழ்.

அரைக்கோணத்துக்குப் பதில் முழுக்கோணத்தைப் போட்டுவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடலாம். 180 டிகிரிக்கு (−1, 0) வரும். தலைகீழாகக் கவிழ்த்த பிறகும் 'மேல்' என்பது நூறு சதவீதம் என்று அர்த்தம்! அப்படி வந்தால் படி 4-ஐ மறுபடி படியுங்கள்.

பிளாக் கோளம் (Bloch sphere; ஸ்பின் நிலையைக் கோளத்தின் மேல் ஒரு புள்ளியாகக் காட்டுவது) என்ற படத்தை இந்தக் கட்டத்தில் தொடாமல் இருப்பதே நல்லது. அது அறைக் கோணத்தைக் காட்டும். தாள் கோணத்தை மறைத்துவிடும். பழகிய பிறகு அருமையான கருவி, தொடக்கத்தில் தொல்லை.

படி 5: 360 டிகிரி

இப்போது 360 போடுங்கள். (−1, 0) வரும். ஒரு முழுச் சுற்று சுற்றியும் பழைய நிலைக்கு வரவில்லை. 720 போட்டால்தான் (1, 0).

வர்க்கப்படுத்தினால் மைனஸ் மறைந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. துகள் தனியாக இருந்தால் மறையும். இரண்டு பாதைகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் சுழற்றி, மறுபடி சேர்த்தால் 1-உம் −1-உம் அடித்துக்கொள்ளும். 1975-இல் ரௌக் குழுவும் வெர்னர் குழுவும் தனித்தனியே சிலிக்கான் படிக நியூட்ரான் குறுக்கீட்டுமானியில் ஒரு பாதையில் மட்டும் காந்தப்புலம் வைத்து இதைப் பார்த்தன. எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிய 720 டிகிரி ஆனது.

கையால் உணர வேண்டுமானால் பெல்ட்டின் ஒரு முனையை மேசையில் அழுத்திவைத்து, பக்கிளை ஒரு முழுச் சுற்று முறுக்குங்கள். பக்கிளைத் திருப்பாமல் இடம் மட்டும் மாற்றி முறுக்கை எடுக்கப் பாருங்கள். எடுபடாது. இரண்டு சுற்று முறுக்கியிருந்தால், பக்கிளைப் பெல்ட்டைச் சுற்றி ஒருமுறை கொண்டுவந்தால் அவிழ்ந்துவிடும். செய்யும்போது பக்கிளின் முகம் எப்போதும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். அது திரும்பிவிட்டால் சோதனையே செல்லாது.

படி 6: கணினியில்

பைத்தானும், அதில் அணிக் கணக்குக்கான நம்பை (NumPy) தொகுப்பும் போதும். குவாண்டம் தொகுப்புகளை இப்போதே நிறுவ வேண்டாம். மூன்று பொறிகள் உண்டு. நம்பை கோணத்தை ரேடியனில் கேட்கும். 0 வரவேண்டிய இடத்தில் பத்தின் −17 அடுக்கில் ஏதோ ஒரு எண் வரும். பயப்படாதீர்கள், தசமத் துல்லியத்தின் எல்லை அது. மூன்றாவதுதான் மோசம்: திருப்பும் அணியைப் பெற, பாலி அணிகளை (Pauli; ஸ்பினின் மூன்று திசைகளுக்கான 2×2 அணிகள்) எக்ஸ்பொனென்ஷியல் செய்யும்போது நம்பையின் சாதாரண எக்ஸ்ப் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே ஏற்றிவிடும், பிழைச்செய்தியும் வராது. சைப்பை (SciPy) தொகுப்பில் இருக்கும் அணிக்கான எக்ஸ்பிஎம்-ஐ (expm) பயன்படுத்துங்கள்.

பயிற்சி

ஸ்பின் ½ துகள்கள் பல சேர்ந்திருந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொன்றும் ஒரு −1 தரும்; எல்லாவற்றையும் பெருக்குங்கள். ஹீலியம்-4 அணுவில் 2 புரோட்டான், 2 நியூட்ரான், 2 எலக்ட்ரான்: ஆறு −1, விடை +1. இப்படி +1 தருவது போசான். ஹீலியம்-3-இல் ஒரு நியூட்ரான் குறைவு: ஐந்து, விடை −1. இப்படி −1 தருவது ஃபெர்மியான். முதலாவது 2.17 கெல்வினில் மீப்பாய்மம் (உராய்வின்றி ஓடும் திரவம்) ஆகிறது. இரண்டாவதுக்கு அணுக்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்தாக வேண்டும். அதற்கு வெப்பநிலை எண்ணூறு மடங்குக்குமேல் குறைந்து சுமார் 0.0025 கெல்வினுக்கு இறங்க வேண்டியிருக்கிறது.