மார்கழி, தையில் மதுரைக்கு விருந்தாளி வந்தால்

மார்கழி, தை மாதத்துச் சனி ஞாயிறு வந்துவிட்டால் எங்கள் செல்லூர் வீட்டில் யாராவது பையோடு வந்து இறங்குவார்கள். முக்கால்வாசி என் நாத்தனார் குடும்பம்தான், சென்னையிலிருந்து. "மதினி, இந்த வாட்டி வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று போனிலேயே சொல்லிவிடுவாள். இவர்களோடு சுற்றிச் சுற்றி எனக்கு ஒரு கணக்குப் படிந்துவிட்டது. மதுரையில் பனிக்காலம் என்பது விடிகாலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான். பதினொரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான். அதனால் வெளியே போவதைக் காலை ஒன்பதுக்குள் ஒரு தவணை, மாலை ஐந்துக்கு மேல் ஒரு தவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் கூரைக்கு அடியில் இருங்கள், இல்லாவிட்டால் தூங்குங்கள்.

முதலில் மீனாட்சி அம்மன் கோயில். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிற ஐயப்ப சாமிமார் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். சித்திரை வீதி முழுக்கக் கறுப்பு வேட்டிதான். அந்தக் கூட்டத்துக்கு முந்த வேண்டும் என்றால் விடிகாலையில் திருப்பாவை, திருவெம்பாவை பாடுகிற நேரத்தைப் பிடியுங்கள். மார்கழியில் நடை முன்னதாகவே திறந்துவிடும். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஆக, உள்ளே ஆளைத் தொலைத்தால் கூப்பிட வழியில்லை. "யார் தொலைஞ்சாலும் முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட வந்து நில்லுங்க" என்று சொல்லித்தான் நான் கூட்டிப்போவேன். அவ்வளவு பெரிய பிள்ளையாரைக் கண்டுபிடிக்காமல் யாரும் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு என் ஓட்டு சமணர் மலைக்கு. கீழக்குயில்குடி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். ஸ்கூட்டியில் போனால் வழியெல்லாம் கண்மாய்க் காற்று முகத்தில் அறையும். பிள்ளைகளுக்குக் குல்லா அவசியம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று என் மாமியார் துண்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை வருவார். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்; கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. பாம்பு படம் எடுத்துக் குடை பிடிப்பவர் பார்சுவநாதர், அது போதும் பிள்ளைகளை நிறுத்திவைக்க. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் பாறை வெறும் பாறையாகிவிடும். எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் தூரம் போகத் தெம்பிருந்தால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று சுற்றுவட்டார ஊர்சனம் திரண்டு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் இந்த ஊரை வைத்துத்தான். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுகை, பாறையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து என்று எல்லாம் இருக்கின்றன. பறவை பார்க்கிறவர்கள் கழுத்தில் பைனாகுலரோடு கழுகையும் வல்லூறையும் தேடிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர், தின்பண்டம் கையோடு கொண்டுபோங்கள். பாலிதீன் பையைத் திரும்ப எடுத்து வாருங்கள், அது ஊர்க்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்த இடம்.

நடுப்பகலுக்குக் கீழடி. அங்கே அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களை வைத்து 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வைத்துக் கட்டியிருப்பதால் நிழலிலேயே சுற்றலாம். கணக்குப்படி சிவகங்கை மாவட்டம், ஆனால் மதுரைக்கு வந்தவர்கள்தான் நிறைந்திருப்பார்கள். பெரியவர்கள் உறைகிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்; பிள்ளைகளை விளையாட்டுச் சாமான் பக்கம் விடுங்கள். பகடைக்காயும் வட்டச் சில்லும் இருக்கின்றன. பானை ஓட்டில் "ஆதன்" என்று பேர் கீறியிருப்பதைக் காட்டியதும் நாத்தனார் மகன், "நான் டிபன் பாக்ஸ்ல எழுதின மாதிரியா அத்தை?" என்றான். அதற்கு மேல் விளக்கம் நான் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது. ஏசி, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி, காசு கிடையாது.

சாயங்காலம் ஜிகர்தண்டா என்று யாராவது கிளம்பினால் நான் தடுத்துவிடுவேன். அது சித்திரைக்கு. பனிக்குப் பருத்திப்பால்தான். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்துவிட்டு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது. தள்ளுவண்டிக்காரர் அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி எடுக்கிறாரா என்று பாருங்கள். மேலாக மொண்டு ஊற்றினால் சுக்கு உங்கள் டம்ளருக்கு வராது. மேலே ஒரு கை தேங்காய்ப் பூ. ஏடு கட்டியிருக்கும், ஆறிவிட்டது என்று நம்பி மடக்கென்று குடித்தால் நாக்கு வெந்துபோகும். ஓரமாக உறிஞ்ச வேண்டும். "பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போடுறதாச்சேம்மா" என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். "அதேதான் அண்ணே, குடிங்க" என்றேன்.

குடித்த சூட்டோடு தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம். மகால் கட்ட மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். தைப் பௌர்ணமியை ஒட்டி வருகிறவர்களுக்கு யோகம்: அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். அன்றைக்கு வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் போகலாம், ஆனால் மல்லிகை வாங்கும் ஆசையோடு போகாதீர்கள். பனியில் மொட்டு வைப்பதே குறைந்துவிடும். பொங்கலுக்கு முதல் நாள் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறும். பிச்சியோ முல்லையோ வாங்குங்கள், இல்லை என்னை மாதிரி விலை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டுத் திரும்புங்கள்.

பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாளில் ஜல்லிக்கட்டு. சின்னப் பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் நிற்பது என்னால் ஆகாது. எங்கள் வீட்டில் டிவியில்தான், பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டே.

ஞாயிறு ராத்திரி சென்னை ரயிலுக்கு மட்டும் கடைசி நேரத்தை நம்பாதீர்கள். 60 நாளுக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும், வருகிற டிக்கெட்டுக்கு முன்னால் போகிற டிக்கெட்டைப் போடுங்கள். பையில் ஒரு கட்டுப் பனங்கிழங்குக்கு இடம் விட்டு வாருங்கள், அவித்துத்தான் கொடுத்துவிடுவேன்.