‘ஒருக்காப் பாக்கலாமுங்க’ போதாது: பார்த்த படத்தைப் பற்றி அடுத்தவருக்குப் பயன்படும்படி எழுதுவது எப்படி

"படம் எப்படிங்க?" என்று கேட்டால் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் அநேகமாக வருகிற பதில் ஒன்றுதான்: "பரவால்லீங்க, ஒருக்காப் பாக்கலாம்." மரியாதையான பதில். ஆனால் கேட்டவர் டிக்கெட் எடுக்கலாமா, குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா, இரவுக் காட்சிக்குப் போகலாமா என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடையாது. 1914லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டினார். நூறு வருசத்துக்கு மேல் படம் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் இதைவிட நன்றாகவே சொல்லலாம்.

150 முதல் 200 சொல் போதும். அந்த அளவில் நம்பும்படி எழுத என்ன செய்யவேண்டும் என்பதே இங்கே. வசூல் படமோ, பேய்ப்படமோ, ஓடாமல் போய்ப் பின்னால் கொண்டாடப்பட்ட கல்ட் படமோ, முதல் வேலை ஒன்றுதான். படத்தின் குறை எது, பார்த்த இடத்தின் குறை எது என்று பிரிக்கவேண்டும். பல கருத்துகள் கெட்டுப்போவது இங்கேதான்.

எந்தக் காட்சி, எந்த இருக்கை

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஞாயிறு மாலைக் காட்சிக்குக் கூட்டம் அள்ளும். பெரிய நாயகன் படத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டும், கைதட்டலுக்கு இடம் விட்டே அந்தப் படங்களை எடுக்கிறார்கள். பேய்ப்படத்துக்கு அது ஆகாது. பயம் ஏறும் நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தால் அரங்கமே சிரிக்கும், அதன்பிறகு அரை மணி நேரத்துக்குப் பயம் திரும்பாது. பேய்ப்படத்துக்குச் செவ்வாய் அல்லது புதன் இரவுக் காட்சிதான் சரி.

இருக்கை, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். 20 வரிசை இருந்தால் திரைப் பக்கமிருந்து எண்ணி 13 அல்லது 14. ஒலியைச் சரிசெய்பவர்களும் ஏறக்குறைய அந்தப் பகுதியை வைத்துத்தான் அளக்கிறார்கள். சுவரோரம் உட்கார்ந்தால் பக்கவாட்டு ஸ்பீக்கர் ஒன்று காதருகே கத்தும், திரைக்குப் பின்னாலிருந்து வரும் வசனம் அமுங்கும். அங்கே உட்கார்ந்துவிட்டு "பிஜிஎம் வசனத்தை முழுங்கிருச்சு" என்று எழுதுவது இசையமைப்பாளருக்குச் செய்யும் அநியாயம்.

குறை யாருடையது

படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் திரையில் நிற்கும். அந்த வெளிர் பின்னணியைப் பாருங்கள். பழுப்படித்தோ, நடுவில் பளிச்சென்றும் மூலைகளில் மங்கியும் இருந்தாலோ, புரொஜெக்டர் விளக்கு பழசாகியிருக்கலாம் அல்லது சிக்கனத்துக்காகக் குறைத்திருக்கலாம். டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்த வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. அதில் பாதிதான் விழுகிறதென்றால் இருட்டில் நடக்கும் காட்சிகளில் முகம் தெரியாது. 2024ல் வந்த மலையாளப் ‘பிரமயுகம்’ முழுக்கக் கறுப்பு வெள்ளை. அப்படிப்பட்ட படத்தை மங்கிய திரையில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொன்னால் அது தப்புத் தீர்ப்பு. முப்பரிமாணப் படத்தில் கண்ணாடியே வெளிச்சத்தைத் தின்றுவிடும். "இருட்டாக இருந்தது" என்பவர் 3டியில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வசனம் புரியவில்லை என்றால் எந்தக் காட்சியில் என்று யோசியுங்கள். இரண்டு பேர் அறைக்குள் இசை எதுவும் இல்லாமல் பேசும்போதே புரியவில்லையா? அரங்கத்தின் நடு ஸ்பீக்கர் கோளாறு, அல்லது ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே தெளிவாக இருந்து, சண்டையிலும் பாட்டுக்கு முன்னாலும் மட்டும் புரியவில்லையா? அப்போது பிழை படத்தின் ஒலிக்கலவையில். அரங்க ஒலிக்கருவியில் 7 என்பது படம் எடுத்தவர்கள் மனதில் வைத்த அளவு. சத்தம் அதிகம் என்று பார்வையாளர்கள் புகார் சொல்வதால் பல இடங்களில் 5க்கு இறக்கிவிடுகிறார்கள். சண்டைப் படம் அதைத் தாங்கும், பேய்ப்படம் தாங்காது.

இன்னொன்று இடைவேளை. வெளிநாட்டுப் படங்களை இடைவேளைக்கென்று எடுப்பதில்லை. நம் தியேட்டரில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒன்றரை மணி நேரப் பேய்ப்படத்தில் கயிறு இறுகும் இடத்திலேயே பப்ஸும் டீயும் வரும். "ரெண்டாம் பாதி லேக்" என்று எழுதுமுன், அந்தப் படத்துக்கு இரண்டாம் பாதி என்று ஒன்று இருந்ததா என்று பாருங்கள்.

வீட்டில் பேய்ப்படம்

சோமனூர், பல்லடம் பக்கம் இரவிலும் தறி ஓடும் தெருக்கள் உண்டு. பேய்ப்படத்தில் பாதி வேலையை மௌனம்தான் செய்யும். தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த மௌனமே கிடைக்காது. காதை மூடும் பெரிய ஹெட்போன் போடுங்கள். டிவியில் இரவு ஒலி மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கிச் சமப்படுத்தும். பயமோ அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். படம் வினாடிக்கு 24 பிரேம். நடுவே இல்லாத பிரேம்களை டிவி தானே செய்து சொருகும்போது சினிமா சீரியல் போல வழவழவென்று ஆகிவிடும். அதை அணைத்து, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். படம் ஓடும் செயலியில் டேட்டா சேமிப்பு போட்டிருந்தால் கறுப்புப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும், இருட்டில் நிற்பது பேயா கட்டமா என்றே தெரியாது. டியூப்லைட்டை அணையுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள்.

பயத்தை எப்படி எடைபோடுவது

"செம பயம்" என்பதில் மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. சத்தத்தால் திடுக்கிடுவது ஒன்று. ஏதோ வரப்போகிறது என்று வயிற்றைப் பிசைவது ஒன்று. ரத்தமும் சதையும் பார்த்துக் குமட்டுவது ஒன்று. எது உங்களுக்கு வந்தது என்று பெயர் சொல்லி எழுதினாலே வாசகருக்குப் பாதி விசயம் தெரிந்துவிடும். குமட்டல் பிடிக்காதவர் ஒதுங்கிக்கொள்வார், பதற்றம் பிடித்தவர் டிக்கெட் எடுப்பார்.

திடுக்கிடலை எண்ணுங்கள். விரல் மடக்கினாலே போதும், போன் வெளிச்சம் வேண்டாம். ஒவ்வொன்றும் நிஜ ஆபத்தா, இல்லை பூனை, நண்பனின் கை, கதவு மாதிரி ஏமாற்றா என்று பாருங்கள். இந்த ஏமாற்று உத்திக்கு 1942ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்திலிருந்து ஒரு பெயரே உண்டு: லூட்டன் பஸ். தனியாக நடந்துபோகும் பெண்ணை ஏதோ பின்தொடர்கிறது. பாயப்போகிறது என்று நினைக்கும் நொடியில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயர் அந்த உத்திக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே அது வேலை செய்வதற்குக் காரணம், அதற்கு முன்னால் காலடிச் சத்தத்தை வைத்தே பதற்றத்தைக் கட்டியிருக்கிறார்கள். கட்டாமல் சத்தத்தை மட்டும் ஏற்றினால் அது பட்டாசுதான். முதல் பாதியில் ஒன்றிரண்டு ஏமாற்று இருந்தால் சரி. கடைசி அரை மணியிலும் ஏமாற்றே அதிகம் என்றால் இயக்குநரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று துணிந்து எழுதலாம்.

பேயின் முன்கதை எங்கே வருகிறது, எவ்வளவு நேரம் என்பதையும் குறியுங்கள். நம் பேய்ப்படங்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தெரியாதவரைதான் பயம். இருபது நிமிச முன்கதையில் பேய்க்கு நியாயம் கிடைத்துவிட்டால் அதன்பிறகு பார்ப்பது பழிவாங்கும் கதை.

வசூல் படம்

முதல் நாள் முதல் காட்சியில் பார்த்துவிட்டு வசனத்தைப் பற்றி எழுதாதீர்கள், விசிலில் பாதி காதில் விழுந்திருக்காது. கைதட்டல் நாயகனுக்கா, காட்சிக்கா என்று பிரியுங்கள். அறிமுகக் காட்சிக்கு எந்தப் படத்திலும் தட்டுவார்கள். இரண்டாம் வாரம் வேலைநாள் மதியக் காட்சியிலும் எங்கே தட்டுகிறார்களோ, அங்கேதான் காட்சி நிற்கிறது. வசூல் கணக்கை உங்கள் கருத்தோடு சேர்க்கவேண்டாம். கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தம், ஷேர் என்பது அரங்கப் பங்கும் வரியும் போக விநியோகஸ்தர் கைக்கு வருவது. இரண்டையும் குழப்பித்தான் பல சண்டைகள் நடக்கின்றன. விநியோகக் கணக்கில் கோவை ஏரியா வேறு, சேலம் ஏரியா வேறு. ஒன்றில் ஓடியதை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

கல்ட் படம்

பழைய படத்துக்கு முதலில் சொல்லவேண்டியது எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்பது. 1968ல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் பெயரை வெளியீட்டுக்கு முன் மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போனது. அதனால் அது அமெரிக்காவில் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் நகலெடுத்தார்கள். மங்கிய, இரைச்சலான பிரதிகள் ஏராளம். சீரமைத்த பிரதியும் இருக்கிறது, தேடி அதைப் பாருங்கள்.

பிறகு, படம் வந்தபோது என்ன ஆனது என்று ஒரு வரி. ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ 1982ல் விமர்சகர்களிடமும் வசூலிலும் அடிவாங்கியது. இன்று பேய்ப்பட ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இந்தியில் 2018ல் வந்த ‘தும்பாட்’, 2024ல் மறுவெளியீட்டில் முதல் முறையைவிட அதிகம் வசூலித்தது. இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, உங்களுக்கு அது இன்று வேலை செய்ததா என்று நேராகச் சொல்லுங்கள். கல்ட் என்பதற்காகப் பிடித்ததாக எழுதவேண்டியதில்லை. பேயாகக் காட்டும் பொம்மை வெறும் பொம்மையாகத் தெரிந்தால், தெரிந்தது என்றே எழுதுங்கள். அது பொம்மை என்று தெரிந்த பிறகும் பயம் இருந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி.

நம்ம ஊர்ப் பேச்சு வரும் படம்

இதில் கோவை, ஈரோட்டு எழுத்தாளர்களின் கருத்துக்கு மற்ற ஊர்க்காரர்களிடம் இல்லாத மதிப்பு உண்டு. "கொங்குத் தமிழ் சரியில்லை" என்று நிறுத்தாமல் எங்கே என்று காட்டுங்கள். எல்லா வரியின் வாலிலும் ‘ங்க’ ஒட்டுவது பொதுவான பிழை. அந்த ‘ங்க’ கேட்பவருக்கான மரியாதை, பேசப்படுபவருக்கானதில்லை. "அவன் நேத்தே வந்தானுங்க" என்று அப்பாருவிடம் பேரன் சொல்வான், அதில் மரியாதை அப்பாருவுக்கு மட்டும். அதே பேரன் தன் கூட்டாளியிடம் கோபமாகக் கத்தும்போதும் ‘ங்க’ போட்டால் நடிகருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொருள். ‘என்ற ஊடு’ (என் வீடு), ‘உன்ற அப்பன்’ (உன் அப்பன்) மாதிரிச் சொற்கள் சரளமாக வருகிறதா, ‘அம்மிணி’, ‘கண்ணு’ என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மதுரைக் கதை என்று சொல்லிவிட்டுப் பின்னால் டிஎன் 41 வண்டி ஓடினால் பொள்ளாச்சியில் எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதைப் பெரிய குற்றமாக்கவேண்டாம்.

எழுதுவது

படம் விட்டதும் பார்க்கிங்கில் வண்டி நகரப் பத்து நிமிசம் ஆகும். அந்த நேரத்தில் போனில் ஐந்து வரி: மனதில் நின்ற மூன்று காட்சிகள், சலித்த ஓரிடம், எந்த நேரக் காட்சி, எந்த இருக்கை என்பது. உடன் வந்தவர்கள் பேசுவதைக் கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கருத்து உங்கள் கருத்தாக மாறிவிடும். மற்ற விமர்சனங்களையும் அதுவரை தொடாதீர்கள். முழுதாக எழுதுவது மறுநாள்.

"வேற லெவல் பயம், பிஜிஎம் மிரட்டல், ரெண்டாம் பாதி லேக்" என்பதை இப்படி மாற்றலாம்: "கிணற்றடிக் காட்சியில் மூன்று நிமிசம் பேச்சே இல்லை, கப்பிச் சத்தம் மட்டும். அங்கே பிடித்த பதற்றம் இடைவேளை வரை விடவில்லை. பிறகு பேயின் கதையை ஒருவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்குகிறார், அதோடு பயம் போயிற்று. ரத்தம் குறைவு. புதன் இரவுக் காட்சி, நடு வரிசை. ஒலி குறைவாகவே வைத்திருந்தார்கள்." சொற்கள் கொஞ்சம் கூடின, ஆனால் படிப்பவர் இனி முடிவெடுக்கலாம்.

கதையில் எதுவரை சொல்லலாம் என்றால் முதல் அரை மணி, அல்லது டிரெய்லரில் காட்டியது. பேய் யார் என்பதை எந்த நிலையிலும் சொல்லக்கூடாது. "கடைசியில் ஒரு திருப்பம்" என்பதும் சொன்ன மாதிரிதான், அதையும் விடுங்கள். நட்சத்திர மதிப்பெண் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு ஆகுமா என்பதை ஒரு வரியில் சேருங்கள். 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று பிரிந்திருக்கிறது. எண்ணை மட்டும் எழுதாமல், எதனால் என்றும் சொல்லுங்கள். பிணம் காட்டுகிறார்களா, குழந்தைக்கு ஆபத்து வருகிறதா, இருட்டில் நெடுநேரம் ஓடுகிறதா? பழனி, சென்னிமலை போய்விட்டு வரும் வழியில் குடும்பத்தோடு தியேட்டருக்குள் நுழைகிறவர்கள் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.