ஆட்டோமேட்டிக் வாட்ச்: சாவி கொடுப்பதிலும் பராமரிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் மாப்பிள்ளைக்கு நல்ல வாட்ச் போடுவது வெகுநாள் வழக்கம். முன்பு எச்.எம்.டி. போட்ட இடத்தில் இப்போது லட்ச ரூபாய் ஆட்டோமேட்டிக் வருகிறது. துபாயிலிருந்து வரும் மச்சான் ஒன்று வாங்கி வருகிறார், ஷூ கம்பெனியில் பெரிய பொறுப்புக்கு வந்தவர் ஆசைப்பட்டு ஒன்று வாங்குகிறார். விலை, மாடல், டயல் கலர் எல்லாம் நாள்கணக்கில் பேசி முடிவாகும். வைத்துக்கொள்வது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. மேனுவல் புத்தகம் பெட்டியோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. இந்த வாட்ச்கள் தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் சாவிக் குமிழில் நாம் செய்யும் தப்பாலும், தண்ணீராலும்தான் கெடுகின்றன.

முதலில், வாட்ச் நின்றதும் “செல் போச்சு” என்று கடைக்கு ஓட வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் செல்லே கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கும். ரோட்டர் என்பார்கள். கை அசையும்போது அது சுற்றி மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. கையில் கட்டும் வாட்ச்சுக்கு இந்த ஏற்பாட்டை ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் செய்து 1924-ல் சுவிஸ் காப்புரிமை வாங்கினார். முழு வட்டமும் சுற்றும் ரோட்டரை ரோலெக்ஸ் 1931-ல் கொண்டுவந்தது. இன்று வருபவையும் அதே வழிதான். முழுக்க முறுக்கிய ஸ்பிரிங் சாதாரண மாடல்களில் 38 முதல் 42 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தால் ஞாயிறு காலையில் நின்றிருக்கும், அது பழுது இல்லை. டிஸ்ஸோவின் பவர்மேட்டிக் 80 போன்றவை 80 மணி நேரம் தாங்கும்.

சாவி கொடுப்பதில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. எச்.எம்.டி. ஜனதா, பைலட் கட்டிப் பழகியவர்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பார்கள், இறுக்கம் வந்ததும் நிறுத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் ஆட்டோமேட்டிக்கையும் இறுக்கம் வரும்வரை திருகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. இறுக்கம் வரவே வராது. ஸ்பிரிங் நிறைந்ததும் அதன் வெளிமுனை, ஸ்பிரிங்கை அடக்கிய டப்பாவின் சுவரில் வழுக்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அதனால் அளவுக்கு மீறி முறுக்கி உடைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. ஆனால் விடாமல் திருகுவதால் வீணாக உள்ளே இருக்கும் சின்னச் சக்கரங்கள்தான் தேயும்.

இன்னொரு வகையினர் சாவியே கொடுக்காமல், நின்ற வாட்ச்சை எடுத்து நாலு குலுக்கு குலுக்கிக் கட்டிக்கொள்வார்கள். முள் நகரும், சந்தேகமில்லை. ஆனால் ஸ்பிரிங்கில் முறுக்கு கொஞ்சம்தான் ஏறியிருக்கும். அன்று முழுக்க மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோகும், நேரமும் சரியாகக் காட்டாது. முறை எளிது. நின்றுபோன வாட்ச்சைக் கட்டுவதற்கு முன் குமிழை 20 முதல் 40 சுற்று நிதானமாகத் திருகுங்கள், அப்புறம் தினமும் கட்டினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்சுக்குத் தினமும் கையால் சாவி கொடுக்கத் தேவையில்லை. பழைய சீக்கோ 5 மாடல்கள் பலவற்றில் கையால் சாவி கொடுக்கவே முடியாது. அவற்றை மட்டும் மெதுவாக ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும்.

கையில் கட்டியபடியே சாவி கொடுப்பதும் தப்பு. விரல் சாய்வாகப் பிடிப்பதால் குமிழின் மெல்லிய தண்டு பக்கவாட்டில் வளையும். கழற்றி, டயல் மேல்பார்க்க வைத்துக்கொண்டு திருகுங்கள்.

மரை போட்ட குமிழ் உள்ள வாட்ச்களில் இன்னும் நிதானம் வேண்டும். இடப்பக்கம் திருகினால் மரை கழன்று குமிழ் லேசாக வெளியே எழும்பும். அந்த நிலையில் வலப்பக்கம் திருகினால் சாவி ஏறும். முடிந்ததும் குமிழை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் இடப்பக்கமாகவே அரைச் சுற்று விடுங்கள். மரை மரையோடு பொருந்தும்போது விரலில் சின்னதாக ஒரு ‘டக்’ தெரியும். அதற்குப் பிறகு வலப்பக்கம் திருகினால் எதிர்ப்பே இல்லாமல் போய் உட்காரும். எடுத்ததுமே முரட்டுத்தனமாகத் திருகினால் மரை குறுக்கே ஏறிவிடும், அப்புறம் குமிழோடு, அது ஏறி உட்காரும் குழாயையும் மாற்ற வேண்டியதுதான். பூட்ட மறப்பது இதைவிட மோசம். குமிழ் திறந்திருந்தால், 200 மீட்டர் என்று போட்ட வாட்ச்சும் வாளித் தண்ணீருக்குத் தாங்காது.

தேதி மாற்றுவதில் ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் நடுவே தேதிச் சக்கரத்தை அடுத்த எண்ணுக்குத் தள்ளும் பல் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குமிழால் தேதியைத் தட்டினால் பல் முறியலாம். நின்றுபோன வாட்ச்சில் இப்போது காட்டுவது பகல் 10-ஆ, ராத்திரி 10-ஆ என்று தெரியாது, அங்கேதான் ஆபத்து. முள்ளை முன்னோக்கியே சுற்றுங்கள். தேதி மாறிய இடம் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுபோய், தேதியை நேற்றையதாக வையுங்கள். பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றினால் நள்ளிரவைத் தாண்டும்போது இன்றைய தேதி தானாக வரும், அப்படியே சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சில புதிய இயந்திரங்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. உங்களுடையது எப்படி என்று மேனுவலில் இருக்கும்.

இனி தண்ணீர். நம் ஊரில் அதிகம் வாட்ச் சாவது இதனால்தான். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கிணற்றில் குதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் ஆழத்துக்கான அனுமதி இல்லை. அசையாத தண்ணீரில், புது வாட்ச்சை வைத்துச் சோதித்த அழுத்தம் அது. 30 மீட்டர் என்றால் கை கழுவும்போது தெறிப்பதையும் தூறலையும் தாங்கும். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். எவ்வளவு எண் இருந்தாலும் வெந்நீர்க் குளியல் கூடாது. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது குமிழிலும் பின்மூடியிலும் கண்ணாடி ஓரத்திலும் இருக்கும் மெல்லிய ரப்பர் வாசர்கள். சூடும் சோப்பும் பட்டால் அவை சீக்கிரம் உயிர்விட்டுவிடும். நாளடைவில் தாமாகவும் இறுகிப்போகும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஐந்து வேளை தொழுகிறவர்கள் ஒளு செய்யும்போது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு நாளைக்கு ஐந்து முறை முழங்கை வரை நனைந்தால் எந்தத் தோல் ஸ்ட்ராப்பும் தாங்காது. தோல் பதனிடுவதே பிழைப்பாக இருக்கும் ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. வியர்வை ஊறி ஊறிக் காய்ந்த தோல் முதலில் நாறும், பிறகு விறைக்கும், கடைசியில் கொக்கி ஓட்டைப் பக்கம் வெடிக்கும். நான் சொல்வது, பங்குனி பிறந்ததும் தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடி கழியும் வரை ரப்பரோ ஸ்டீல் செயினோ போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீல் செயினின் கண்ணிகளுக்குள் வியர்வை உப்பும் அழுக்கும் சேர்ந்து அரிக்கும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து, மாதம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசியாகக் குடிதண்ணீரால் அலசுங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காரின் டேஷ்போர்டில் வாட்ச்சை வைத்துவிட்டுக் கோட்டைக்குள் போகாதீர்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் சூடு இன்னும் பல டிகிரி ஏறும், உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் வாசருக்கும் அது ஆகாது. வெயிலில் வண்டி ஓட்டி வந்து ஏசி அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்கிறதா என்று பாருங்கள். படர்ந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது, வெயிலில் காயவைப்பது எதுவும் பலிக்காது. துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது, அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

காந்தமும் ஒரு பெரிய எதிரி. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் திடீரென ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். வாட்ச்சின் வேகத்தை ஒழுங்குபடுத்தும், முடிபோன்ற ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல ஆகி வாட்ச் வேகமாக ஓடும். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட செல்போன் கவர், ஹேண்ட்பேக் கொக்கி, இண்டக்‌ஷன் அடுப்பு, இவற்றின் மேலோ ஒட்டியோ வைப்பதுதான் காரணம். பள்ளிக்கூடத்துத் திசைகாட்டி ஒன்றை வாட்ச் அருகே கொண்டுபோங்கள். முள் வெடுக்கென்று ஆடினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் நீக்கும் கருவி உள்ள கடையில் ஒரு நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை. சிஎம்சி போன்ற ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது மட்டும் எந்த வாட்ச்சையும் கையில் வைத்திருக்கக் கூடாது. பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினின் பலம் 15,000 காஸ். அந்த அளவுக்குச் சோதிக்கப்பட்ட ஒமேகா மாடல்கள் இருக்கின்றன, ஆனாலும் உலோகத்தோடு அந்த அறைக்குள் போவது உயிருக்கே ஆபத்து.

ஐந்து பத்து நொடிக்காகக் கவலைப்படுவதும் தேவையில்லாதது. நேரத் துல்லியத்தைச் சோதித்துத் தரும் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கிய இயந்திரத்துக்கே நாளொன்றுக்கு 4 நொடி பிந்துவது முதல் 6 நொடி முந்துவது வரை அனுமதி உண்டு. மணிக்கு 28,800 முறை துடிக்கும் ஒன்று, ஒரு நாளில் கிட்டத்தட்ட ஏழு லட்சம் முறை துடிக்கிறது. அதில் பத்து நொடி பிசகினால் வாட்ச் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

பேங்க் லாக்கரில் வருஷக்கணக்கில் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்பதும் தப்பு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் எண்ணெய்க்கு வயதாகும். மாதம் ஒரு முறையாவது சாவி கொடுத்து ஓட விடுங்கள். அதற்காக ஒரே ஒரு வாட்ச் வைத்திருப்பவர் வாட்ச்சைச் சுற்றிவிட்டு ஓட வைக்கும் மோட்டார் வைத்த வைண்டர் பெட்டி வாங்கத் தேவையில்லை.

சர்வீஸுக்கு ஐந்தாறு வருஷம் ஒரு கணக்கு. சில கம்பெனிகள் பத்து வருஷம் வரை சொல்கின்றன. நம் பஜாரில் எச்.எம்.டி.யைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் விலை உயர்ந்த வாட்ச்சுக்குப் பின்மூடி திறக்க அதற்கென்ற கருவி, அசல் பாகம், அழுத்தச் சோதனை மெஷின் எல்லாம் வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்வருவது அலைச்சல்தான், இருந்தாலும் போங்கள். கொடுக்கும்போது பாலிஷ் வேண்டாம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலிஷிலும் விளிம்பு மழுங்கும், விற்கப் போனால் விலை குறையும். வாங்கும்போது வாசர் மாற்றினார்களா, பின்மூடி போட்டபின் தண்ணீர் அழுத்தம் சோதித்தார்களா என்று கேளுங்கள். பில்லில் அது இல்லாவிட்டால் அங்கேயே நின்று சோதிக்கச் சொல்லி வாங்குங்கள்.